வெளிநாட்டுத் தன்னார்வலர்களை ஊர் மரியாதையோடு அழைப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் ஒரு சிற்றூர். ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு ஆணும் மூன்று மாதம் தங்கி, பள்ளியிலும் இயற்கை விவசாயக் குழுவிலும் வேலை செய்ய வருகிறார்கள். இருவரும் தம்பதி இல்லை. மேளம், ஆரத்தி, மாலை, கோயிலில் பரிவட்டம், பிறகு விருந்து என்று இளைஞர்களும் மகளிர் குழுவும் திட்டம் போட்டிருக்கிறார்கள். வரிசை சரியா, எதில் கவனம் வேண்டும்?

முதலில் பரிவட்டத்தை, அதாவது கோயில் மரியாதையாகத் தலையில் கட்டும் துணியை, திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கோயில் முதல் மரியாதை யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்பது பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓடும் தகராறு. நேற்று வந்தவருக்கு அதைக் கட்டினால், கட்டிய கையை விட்டுவிட்டு, கட்ட விட்டது யார் என்று கேள்வி கிளம்பும். அந்தப் பஞ்சாயத்தில் மூன்று மாதமும் வந்தவர்கள்தான் நடுவில் மாட்டுவார்கள். மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றிக் கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொள்வதோடு நிறுத்துங்கள். அதற்கும் பூசாரியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். உள்ளே வரை விடுவார்களா, வாசலோடு நிற்க வேண்டுமா என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். வந்தவர்கள் சாமி கும்பிடாதவர்களாக இருந்தால் அதையும் வற்புறுத்தக் கூடாது.

இந்த மாதிரி வரவேற்பால் ஊருக்கு ஆகும் காரியம் ஒன்றுதான். வந்தவர் யார், எந்த வீட்டில் தங்குகிறார், எத்தனை நாள் இருப்பார், ஒன்றென்றால் யாரைக் கேட்பது என்பது எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். மறுநாள் தனியாக நடந்து போகும் பெண்ணை 'யாரும்மா நீ?' என்று வழிமறிக்காமல் 'சாப்பிட்டியா?' என்று கேட்கிற அளவுக்கு ஊர் வந்துவிட்டால் வரவேற்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

மேளத்துக்குச் சொல்லுமுன் விசாவைக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தன்னார்வ வேலை அதிகபட்சம் ஒரு மாதம்தான் செய்யலாம். மூன்று மாதம் என்றால் அழைக்கும் நிறுவனம் அதற்குப் பொருந்திய விசாவுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்திருக்க வேண்டும். அதோடு, வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். 'சி படிவம்' என்று பல காலமாகச் சொல்லப்படுவது இதுதான். லாட்ஜுக்கு மட்டும் உள்ள சட்டம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், தங்க வைக்கும் வீட்டுக்காரருக்கும் அது உண்டு. பாஸ்போர்ட், விசா நகலோடு காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மாலை போட்ட படம் வாட்ஸ்அப்பில் சுற்றி அது வழியாகப் போலீசுக்குத் தெரிவது நல்லதில்லை.

நாள் பார்ப்பதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. எல்லாருக்கும் லீவு என்று ஞாயிறு மாலையை எடுப்பார்கள், ஞாயிறு ராகு காலமோ 4.30 முதல் 6 வரை. ஆரத்தி எடுக்க வேண்டிய பெரியம்மாக்கள் அந்த நேரத்தில் தட்டைத் தொட மாட்டார்கள், வண்டி வந்து நிற்கும், எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை மாலை 4 மணி வசதியானது. ராகு காலம் காலையிலேயே முடிந்திருக்கும், எமகண்டம் 3 மணியோடு போய்விடும், நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் வீடு திரும்பியிருப்பார்கள், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும். ஊரில் சாவு விழுந்தால் தள்ளி வையுங்கள், அதற்கு மாற்றுத் தேதி ஒன்றை முன்பே பேசி வையுங்கள். முக்கியமாக, மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் தேதியை விசாரியுங்கள். காப்புக் கட்டிய பிறகு வெளியாள் வந்து ராத்தங்கக் கூடாது, உள்ளூர்க்காரர் வெளியூரில் தங்கக் கூடாது என்ற கட்டு இன்னும் பல ஊரில் இருக்கிறது. காப்புக்கு முன்பே வந்து தங்கிவிட்டால் அவர்களும் ஊரோடு சேர்ந்துவிடுவார்கள். நடுவில் வந்து இறங்கினால்தான் சிக்கல்.

இதைப் படிக்கிற கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானை இறங்கும். அங்கே பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வீட்டில் இருக்கும்படி முடித்துவிட வேண்டும். சரவெடியும் வேண்டாம்.

இனி வரவேற்பு. யார் முன்னால் நிற்பது என்பதை மகளிர் குழுவிடம் விடுவதே நல்லது என்பேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989 இல் தொடங்கியதே அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கூட்டம் கூட்டுவது, கணக்கு வைப்பது, ஆளுக்கொரு வேலை பிரிப்பது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். இளைஞர்களிடம் வழி, பந்தல், நாற்காலி, மைக் இந்த நாலையும் கொடுங்கள். அன்று குடித்துவிட்டு வருகிறவரை ஓரமாகக் கூட்டிப்போக இரண்டு பேரை முன்பே சொல்லி நிறுத்துங்கள். யாராவது ஒருவர் வரத்தான் செய்வார்.

பிளக்ஸ் வேண்டாம். சென்னைப் பள்ளிக்கரணையில் 2019 இல் பேனர் சாய்ந்து ஒரு பெண் இறந்த பிறகு கெடுபிடி அதிகம், அனுமதியில்லாமல் சாலையோரம் வைத்தால் வழக்கு வரும். பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைத் துணியில் எழுதிய பலகையே போதும். பெயரை மட்டும் அவர்களிடமே கேட்டு, எப்படி உச்சரிப்பது என்று குரல்பதிவு வாங்கி, அதன்படி தமிழில் எழுதுங்கள்.

ஆரத்தியில்தான் அதிகம் சொதப்பும், அதனால் அளவோடு சொல்கிறேன். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் 300 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு பச்சைப்பயறு அளவு வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பைத் தனியே கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மஞ்சள் நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ரத்தச் சிவப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலே ஊற்றினால் பழுப்படித்துப் போகும், நெற்றியில் வைக்கும்போது எரியவும் செய்யும். எவ்வளவு போட்டாலும் சிவக்கவில்லை என்றால் சுண்ணாம்பு பழசு. டப்பா திறந்தே கிடந்து காற்றுப்பட்டுக் காரம் செத்திருக்கும், புதுசு வாங்குங்கள். குங்குமத்தைக் கரைத்துச் சமாளிக்காதீர்கள், கடைக் குங்குமத்தில் சாயம் இருக்கும், வெள்ளைத் தோலில் இரண்டு நாள் நிற்கும்.

தண்ணீரின் மேல் வெற்றிலை, அதில் ஒரே ஒரு கற்பூரக் கட்டி. வண்டி வந்த பிறகு பற்ற வையுங்கள். பத்து நிமிடம் முன்பே பற்ற வைத்தால் வெற்றிலை கருகிக் கற்பூரம் நீரில் விழுந்து அணையும், அதைச் சகுனம் என்று யாராவது முணுமுணுப்பார்கள். விருந்தினர் செருப்பைக் கழற்றி மணைமேல் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். அவர்கள் கோலத்தை மிதிக்காமல் வரும்படி மணையைக் கோலத்துக்கு ஓரமாகப் போடுங்கள். தட்டுக்கும் ஆளுக்கும் ஒரு முழமாவது இடைவெளி இருக்கட்டும். பின்னாத தலைமுடியும் நைலான் துப்பட்டாவும் நெருப்புக்கு ஆகாது. வலமாக மூன்று சுற்று, விரலால் தொட்டு நெற்றியில் பொட்டு, பிறகு அந்த நீரை யார் காலும் படாத ஓரத்தில் ஊற்றிவிட வேண்டும். துணியில் தெறித்தால் சோப்பு போடப் போட இன்னும் சிவக்கும், பயந்துவிடுவார்கள். நன்றாக அலசி வெயிலில் காயப் போட்டால் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும் என்று சொல்லி வையுங்கள்.

ஆரத்தி எடுப்பது சுமங்கலிகள் மட்டும்தான் என்ற வழக்கத்தை இந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். இது கல்யாணமும் இல்லை, சடங்குச் சீரும் இல்லை. ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைத் தட்டிலிருந்து விலக்கி நிறுத்துவதை வந்தவர்கள் கவனிப்பார்கள், ஊர்ப் பிள்ளைகளும் கவனிப்பார்கள். குழுத் தலைவி, அங்கன்வாடி ஊழியர், ஒரு பாட்டி என்று மூன்று பேர் எடுத்தால் பேச்சே எழாது.

மாலைக்கு வருவோம். ஆணுக்கு ஊராட்சித் தலைவரோ ஊர்ப் பெரியவரோ போடலாம். பெண்ணுக்குப் பெண்தான் போட வேண்டும், ஆண் கொடுத்தால் கையில் கொடுக்க வேண்டும். வந்த இருவருக்கும் ஒரே மாதிரி ரோஜா மாலையைப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தால் அது கல்யாணப் படமாகத்தான் ஊர் சுற்றும். தம்பதி இல்லை என்று கேள்வியிலேயே சொல்லியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவருக்குச் சாமந்தி மாலை, இந்தப் பெண்ணுக்கு மல்லிகைச் சரம் இரண்டு முழமும் கண்ணாடி வளையலும் என்று பிரித்துவிடுங்கள். வளையல் அளவு முன்பே கேட்காவிட்டால் கையில் ஏறாமல் உடைந்து கீறும். இரண்டு மூன்று அளவில் வாங்கி வைத்து, மீந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். பூ ராயக்கோட்டைப் பக்கமிருந்தோ தர்மபுரிப் பூ மார்க்கெட்டிலிருந்தோ வரும். முகூர்த்த நாளாக இருந்தால் விலை இரண்டு மடங்கு ஏறியிருக்கும், அன்று ஒரு கதர்த் துண்டே கௌரவமானது. அரூர்ப் பக்கம் என்பதால் இன்னொரு யோசனை: சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் கையால் போடும் பூவேலைத் துணி கிடைக்கும். பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், இதைத் தினமும் தோளில் போடுவார்கள்.

விருந்தினருக்கு முன்கூட்டி ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுக்க வேண்டியவை உண்டு. மாலை விழுந்ததும் கும்பிட்டுவிட்டு அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம், கீழே மட்டும் போடக் கூடாது. கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில். கை குலுக்க நீட்டாமல் கும்பிடு. தட்டில் பணம் போட வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாவிட்டால் ஆரத்தித் தட்டில் யூரோ நோட்டு விழும், அதை யார் எடுப்பது என்று அடுத்த வாரம் வரை பேச்சு ஓடும். பிள்ளைகளை வரிசையாக விட்டுக் காலில் விழச் சொல்லும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அவர்களுக்கு அது கூசும். பிள்ளைகளுக்கும், வெள்ளைக்காரர் காலில் விழுவது ஒரு பாடமாகப் பதியத் தேவையில்லை.

மேளம் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பறைக் குழுவை 'வாங்கப்பா, அடிச்சிட்டுப் போங்க' என்று ஊர் உரிமையில் கூப்பிடும் காலம் போய்விட்டது. போகாத ஊரில் போயாக வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி என்று முன்பணத்தோடு பேசுங்கள். நாலு பறை, ஒரு பம்பை இருந்தால் சின்ன ஊருக்குத் தாராளம். பறைத் தோலை வைக்கோல் நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றக் கால் மணி நேரம் ஆகும், அதற்கு இடமும் வைக்கோலும் கொடுக்க வேண்டும். மழையோ பனியோ இருந்தால் நடுவில் இன்னொரு தடவை காய்ச்ச வேண்டி வரும். அவர்களும் அதே பந்தியில், அதே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதை மறந்துவிட்டு மேடையில் சமத்துவம் பேசினால் கேட்க நன்றாக இருக்காது.

ஊர்வலப் பாதைதான் அன்றைய நாளின் முக்கியமான முடிவு. பேருந்து நிறுத்தத்திலிருந்து கோயில், கோயிலிலிருந்து சாவடி என்று மேல்தெருவிலேயே முடிக்கிற பாதை தானாக அமைந்துவிடும். காலனி எல்லையைத் தொடாமல் போனால், வந்தவர்கள் 'அந்தப் பக்கத்துக்கானவர்கள்' என்று முதல் நாளே முத்திரை விழும். பிறகு காலனிப் பிள்ளைகள் மாலை வகுப்புக்கு வர மாட்டார்கள், ஏன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். இரண்டு பக்கமும் தொடும்படி, முடியும் இடம் பள்ளி மைதானமோ ஊராட்சி அலுவலகமோ என்று பொது இடமாக வையுங்கள். இரண்டு இடத்தில் ஆரத்தி எடுத்தாலும் தப்பில்லை. மொத்த நடை அரைக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். பெங்களூரில் விமானம் இறங்கி நேரே வந்தவர்களுக்குத் தூக்கம் கண்ணில் நிற்கும். முடிந்தால் முதல் இரவு அரூரிலோ தர்மபுரியிலோ தங்க வைத்து மறுநாள் ஊருக்குக் கூட்டி வாருங்கள்.

தாண்டா என்னும் லம்பாடிக் குடியிருப்பிலோ மலை ஊரிலோ என்றால் இந்த வரிசை அப்படியே பொருந்தாது. தாண்டாவில் அதன் தலைவரான நாயக்கிடமும், மலையாளிப் பழங்குடி ஊரில் ஊர்க்கவுண்டரிடமும் முதலில் உட்கார்ந்து பேசி, அவர்கள் வழக்கத்தில் என்ன உண்டோ அதைச் செய்யுங்கள். தளி, ஓசூர்ப் பக்கம் மைக் பிடிப்பவருக்குத் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசைப் பாட்டிகளுக்கு ஜெர்மனும் ஒன்றுதான், மேடைத் தமிழும் ஒன்றுதான்.

கூட்டத்தில் பேசுவது மூன்று பேர் போதும்: ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், குழுத் தலைவி. ஆளுக்கு மூன்று நிமிடம். ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியம் பேசி நிறுத்த, மொழிபெயர்ப்பவர் சொல்லட்டும். மொத்தத்தையும் பேசி முடித்துவிட்டு 'இதைச் சொல்லிடுப்பா' என்றால் அவர் 'எல்லோரும் மகிழ்ச்சி' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். வந்தவர்கள் நாலு வரி தமிழில் பேசினால் கூட்டம் அவர்கள் பக்கம் வந்துவிடும்: "எல்லாருக்கும் வணக்கம். என் பேரு இன்னது. மூணு மாசம் உங்க ஊர்லதான் இருப்பேன். தப்பு பண்ணா சொல்லிக் குடுங்க." தங்கும் வீட்டுக்காரரையும், பொறுப்பாக இருக்கும் ஒரு ஆண், ஒரு பெண் பெயரையும் இந்த மேடையிலேயே சொல்ல வேண்டும். கடைசியில் கும்மி. அதில் விருந்தினரும் ஐந்து நிமிடத்தில் கைதட்டிச் சேர்ந்துகொள்ள முடியும், கூத்தாட்டத்தில் முடியாது.

தமிழ்ப் பெயர் வைக்கும் ஆசை எல்லா ஊருக்கும் வரும். வைக்கலாம், அவர்களிடம் கேட்டு. ஆனால் 'எங்க வூட்டுப் பொண்ணு' என்று ஒரு குடும்பம் முறை கொண்டாட ஆரம்பித்தால், அந்த வீட்டின் மாமன் மச்சான் முறையெல்லாம் கூடவே வரும், கேலி பேச யாருக்கு உரிமை என்பதும் வரும். வயதைப் பார்த்து எல்லாரும் பொதுவாக அக்கா, அண்ணா என்று கூப்பிடுவதே பாதுகாப்பு.

விருந்துக்குக் கறிச்சோறு போடுவதா என்று கேட்காமல், அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். ஜெர்மனியிலிருந்து வரும் இளைஞர்களில் சைவம் நிறைய, பாலும் வேண்டாம் என்பவரும் உண்டு. இந்த மாவட்டத்து விருந்து என்றால் எனக்குக் களிதான் முதலில் நிற்கும். ஒரு கிலோ கேழ்வரகு மாவுக்கு 150 கிராம் நொய், இரண்டரை லிட்டர் தண்ணீர். நொய் வெந்த பிறகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி செய்து, கொதி மேலே வந்து மாவு வெந்த பிறகே கிளற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பச்சை மாவு கட்டிகட்டியாக நிற்கும். சுமார் பத்து உருண்டை தேறும். கூட அவரைக்காய்க் குழம்பு, கொள்ளுக் கடைசல், கீரை. விருந்தினருக்குக் கால் உருண்டை போதும். மெல்லாமல் கிள்ளி, குழித்து, குழம்பை அள்ளி விழுங்கக் காட்டிக் கொடுங்கள். மென்றால் பல்லில் ஒட்டி விழிப்பார்கள். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கொதிக்கும் என்பதையும் சொல்லுங்கள். காரம் குறைத்த சோறும் பருப்பும் தனியே இருக்கட்டும். இலை நுனி உண்பவருக்கு இடப்பக்கம். பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் 2019 ஜனவரி முதல் தடை, அதனால் வாழையிலை அல்லது பாக்குமட்டை.

தண்ணீர் காய்ச்சி ஆற வைத்ததாக இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். மூன்று மாதம் தங்குகிறவருக்கு ஃபுளோரைடைவிட வயிற்றுப்போக்குதான் உடனடிக் கவலை. இருந்தாலும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் பிடித்துக் காய்ச்சிவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து வேலை முடிந்தது.

மரம் நடுவது திட்டத்தில் இருந்தால் புங்கனோ வேம்போ, இரண்டடிக்கு இரண்டடி குழி, மண்ணோடு ஒரு கூடை எரு, அன்றே முள்வேலி. வேலி நாளைக்கு என்றால் ஆடு இன்றைக்கே வந்துவிடும். நடுகல் பார்க்கக் கூட்டிப்போனால், வயலோரக் கல்லாகத் தெரிந்தாலும் பல இடத்தில் பொங்கலுக்குப் படையல் போடும் சாமி அது, ஏறி உட்கார்ந்து படம் எடுக்க விடாதீர்கள்.

படம் எடுக்க ஒரே ஒருவர். மற்றவர்கள் கைப்பேசியோடு ஆரத்தியைச் சுற்றி வளைத்தால் ஆரத்தி எடுப்பவருக்குத் தட்டைச் சுற்ற இடமிருக்காது. அந்தப் பெண் தங்கும் வீட்டு வாசல் தெரியும்படி எதையும் பொதுவில் போட வேண்டாம். மறுநாள் காலை, குழுவிலிருந்து ஒரு பெண் அவரைக் கூட்டிக்கொண்டு கடை, தண்ணீர்க் குழாய், பேருந்து நிறுத்தம், துணை சுகாதார நிலையம் நாலையும் காட்ட வேண்டும். பஸ் நேரத்தையும் பொறுப்பாளர்களின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி.